இலவச வேதாகம மென்பொருளில் தமிழையும் சேர்த்த அனுபவம்

இலவச வேதாகம ஆய்வு மென்பொருள் ஒன்றை ஆசையாக நிறுவிவிட்டு, திறந்த கையோடு மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே ஒரு ஆங்கில வேதாகமம் இருக்கும், கூடவே ஓர் அகராதி இருக்கும். விளக்கவுரைக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். தமிழ் கண்ணிலேயே படாது. மென்பொருள் வெறும் அலமாரிதான். அதில் அடுக்க வேண்டிய நூல்களை நாம்தான் தேடிக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையை ஒருமுறை பொறுமையாகச் செய்து முடித்தால் பல வருடங்களுக்கு உதவும் என்பதால், நான் செய்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தேவைப்பட்டது இதுதான்: இணையம் இல்லாத இடத்திலும் தமிழ் வேதாகமம் திறக்க வேண்டும். பக்கத்திலேயே ஸ்ட்ராங் எண்கள் (ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் தரப்பட்ட அகராதி எண்கள்) உள்ள ஆங்கில வேதாகமம், எபிரெய, கிரேக்க அகராதிகள், ஒத்த வசனங்கள், ஒரு விளக்கவுரை. மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் ஒன்றுபோல வர வேண்டும். எல்லாமே சொந்தக்காரர்கள் அனுமதித்த கோப்புகளாக இருக்க வேண்டும்.

முதலில் மென்பொருள்களைப் பற்றி. இலவச மென்பொருள்களில் சில குடும்பங்கள் இருக்கின்றன. கிராஸ்வயர் அமைப்பின் சோர்ட் திட்டம் ஒரு குடும்பம். லினக்ஸில் சைஃபோஸ், பைபிள்டைம், ஆண்ட்ராய்டில் ஆண்ட்பைபிள் எல்லாம் அதன் கோப்புகளைப் படிக்கும். விண்டோஸில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ஈ-சோர்ட் இன்னொன்று. பெயரில் சோர்ட் இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஒன்றின் கோப்பு மற்றதில் திறக்காது. அப்புறம் விண்டோஸுக்கான தி வேர்ட், ஆண்ட்ராய்டுக்கான மைசோர்ட். கூடுதல் நூல்களை எல்லோரும் மாட்யூல் என்றுதான் சொல்கிறார்கள். எந்த மாட்யூலைத் தேடும்போதும் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சோர்ட் குடும்பத்தில் வேலை மிகவும் சுலபம். ஆண்ட்பைபிள் செயலியின் மெனுவில் நூல்களைப் பதிவிறக்கும் பகுதிக்குப் போய், மொழியைத் தமிழ் என்று மாற்றினால் கிடைப்பவை வரிசையாக வரும். தொட்டால் இறங்கிவிடும். சைஃபோஸில் மாட்யூல் மேலாளரைத் திறந்து, களஞ்சியங்களின் பட்டியலை ஒருமுறை புதுப்பித்துவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராஸ்வயரின் சொந்தக் களஞ்சியம் தவிர, பல மொழிகளில் வேதாகமங்களைத் தரும் இபைபிள் தளத்தின் களஞ்சியமும் உண்டு. இந்திய மொழிகளுக்கு இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இந்த மேலாளரை முதல் தடவை திறக்கும்போது ஓர் எச்சரிக்கை வரலாம். விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்படும் நாட்டில் இருந்து, நீங்கள் அடையாளம் காணப்பட விரும்பாவிட்டால், இணையம் வழியாக நிறுவும் இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது சொல்லும். வேறெந்த மென்பொருளிலும் நான் இப்படி ஒரு வாசகத்தைப் படித்ததில்லை. அதை எழுதியவர்கள் தங்கள் வாசகர்கள் யார் என்று யோசித்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்காகவும், இணையம் மெதுவாக உள்ளவர்களுக்காகவும் ஒவ்வொரு மாட்யூலும் ஜிப் கோப்பாகவும் கிடைக்கிறது. பென் டிரைவில் கொண்டுபோய்க் கையாலேயே நிறுவலாம். ஜிப்பைத் திறந்தால் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். மாட்ஸ்.டி என்பதில் கான்ஃப் என்று முடியும் ஒரு சின்ன உரைக்கோப்பு. மாட்யூல்ஸ் என்பதில் நூலின் தரவு. லினக்ஸில் இரண்டையும் நம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் புள்ளி-சோர்ட் ஃபோல்டரில் வைக்க வேண்டும். நிறுவியும் நூல் பட்டியலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஜிப்பை விரிக்கும்போது அதன் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் உருவாகி, எல்லாம் ஒரு படி உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். கான்ஃப் கோப்பில் தரவு இருக்கும் பாதை எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாதையும் உண்மையில் தரவு இருக்கும் இடமும் பொருந்தினால் நூல் வந்துவிடும்.

அந்தக் கான்ஃப் கோப்பை ஒருமுறை திறந்து படிப்பது நல்லது. நூலின் பெயர், மொழி, எந்த வசன எண் முறை, எந்த உரிமம் எல்லாம் அதில் சாதாரண எழுத்தில் இருக்கும். திறவுகோலுக்கான வரி இருந்து, அது வெறுமையாக இருந்தால் அது பூட்டிய நூல். உரிமையாளரிடம் திறவுகோல் வாங்கினால்தான் படிக்க முடியும்.

ஈ-சோர்ட் பற்றிச் சுருக்கமாக. மென்பொருளுக்குள்ளேயே பதிவிறக்கும் மெனு இருக்கிறது, அதில் கிடைப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து எடுக்கும் கோப்புகளில் பின்னொட்டைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய கோப்புகள் பி.பி.எல் என்று முடியும். புதிய பதிப்புகள் அவற்றைப் படிக்காது. பிறகு வந்தவை கடைசியில் எக்ஸ் சேர்ந்தவை. ஐபேடுக்கான பதிப்பில் கடைசி எழுத்து ஐ. எக்ஸ் வகை உண்மையில் எஸ்க்யூலைட் தரவுத்தளம்தான். பூட்டப்படாத கோப்பாக இருந்தால் டி.பி. பிரவுசர் என்ற இலவசக் கருவியில் திறந்து பார்க்கலாம்: பைபிள் என்று ஓர் அட்டவணை, அதில் புத்தக எண், அதிகாரம், வசனம், வாசகம் என்று நான்கு பத்திகள். ஆதியாகமம் 1, மத்தேயு 40, வெளிப்படுத்தின விசேஷம் 66. வாசகப் பத்தியில் தமிழுக்குப் பதில் எண்களாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது ஆர்.டி.எஃப் வடிவம், ஒவ்வொரு எழுத்தும் அதன் யூனிகோடு எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அ என்றால் 2949, த என்றால் 2980.

இப்படித் திறந்து பார்த்ததுதான் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. இந்த மாட்யூல்கள் ஒன்றும் மர்மமானவை இல்லை. நமக்கு வேண்டிய நூல் நமக்கு வேண்டிய வடிவத்தில் இல்லையென்றால், அனுமதி இருக்கிற பட்சத்தில், நாமே செய்துகொள்ளலாம். தி வேர்ட் மென்பொருளுக்குத் தமிழை அப்படித்தான் செய்தேன். என் வேலையில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

தி வேர்டின் வேதாகமக் கோப்பு வெறும் உரைக்கோப்பு. ஒரு வசனத்துக்கு ஒரு வரி. இரண்டு ஏற்பாடுகளும் இருந்தால் பின்னொட்டு ஓ.என்.டி, 31,102 வரிகள். பழைய ஏற்பாடு மட்டும் என்றால் ஓ.டி, 23,145 வரிகள். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் என்.டி, 7,957 வரிகள். எந்த வரி எந்த வசனம் என்று கோப்பில் எங்கும் எழுதுவதில்லை; வரிசையை வைத்தே மென்பொருள் கண்டுகொள்கிறது. முதல் வரி ஆதியாகமம் 1:1, 23,146-ஆவது வரி மத்தேயு 1:1. எளிமையான ஏற்பாடு, அதே சமயம் இரக்கமில்லாத ஏற்பாடு. நடுவில் ஒரு வரி குறைந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வசனமும் ஒன்று முன்னால் நகர்ந்துவிடும்.

மூலமாக எடுத்தது இபைபிள் தளத்தில் இருக்கும் இந்தியத் திருத்தப் பதிப்பின் தமிழ்ப் பாடம். 2019-ஆம் ஆண்டு உரிமக் குறிப்போடு கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமத்தில் வெளியிடப்பட்டது. பெயரைச் சொல்லி, மாற்றங்களைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரலாம். மனம் நிம்மதியாக வேலை செய்ய இது முக்கியம். அந்தத் தளத்தில் ஒரே நூல் பல வடிவங்களில் கிடைக்கும். தலைப்பு, பத்தி, கவிதை வரி எல்லாம் குறிகளோடு இருக்கும் யு.எஸ்.எஃப்.எம் வடிவம் முழுமையானது. வரிக்கு ஒரு வசனமாக இருக்கும் வி.பி.எல் வடிவம் சுலபமானது. என் தேவைக்கு இரண்டாவது போதும்.

அதைத் தரவுத்தாளில் இறக்கி, புத்தகம், அதிகாரம், வசனம், வாசகம் என்று நான்கு பத்திகளாகப் பிரித்தேன். அதே தளத்திலிருந்து கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கிலப் பதிப்பையும் அதே வடிவத்தில் எடுத்து இன்னொரு தாளில் வைத்தேன். ஏனென்றால் தி வேர்டின் வரி வரிசை அந்தப் பதிப்பின் எண் முறையைத்தான் பின்பற்றுகிறது. பிறகு இரண்டிலும் அதிகாரவாரியாக வசனங்களை எண்ண வைத்து, 1,189 அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டால் எங்கே வித்தியாசம் என்று உடனே தெரிந்துவிடும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஓர் இடத்தில் ஒன்று கூடி, இன்னோர் இடத்தில் ஒன்று குறைந்தால் மொத்தம் சரியாகவே வரும், நடுவில் உள்ளதெல்லாம் தவறாக இருக்கும்.

எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சில இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 3 யோவான் கிங் ஜேம்ஸில் 14 வசனம். பல பதிப்புகள் கடைசி வசனத்தைப் பிரித்து 15 ஆக்குகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரம் 17-இல் முடிகிறதா, 18-இல் முடிகிறதா என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எபிரெய மரபில் யோவேலுக்கு 4 அதிகாரம், மல்கியாவுக்கு 3. நம் வழக்கில் யோவேலுக்கு 3, மல்கியாவுக்கு 4. சங்கீதங்களின் தலைப்பை எபிரெய மரபு வசனமாகவே எண்ணுகிறது. 51-ஆம் சங்கீதத்தில் அதனால் இரண்டு எண் தள்ளிப்போகும். வசனம் கூடுதலாக இருந்தால் அதை முந்தைய வசனத்தோடு ஒரே வரியில் சேர்த்து, அடைப்பில் அதன் எண்ணைப் போட்டுவிடுவேன். மத்தேயு 17:21, அப்போஸ்தலர் 8:37 போன்றவற்றைச் சில மொழிபெயர்ப்புகள் அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடும். அங்கே வெற்று வரி விட வேண்டும். இரண்டு வசனங்களை ஒன்றாக இணைத்து மொழிபெயர்த்திருந்தாலும் இரண்டாவதற்கு வெற்று வரிதான்.

கத்தோலிக்க வேதாகமத்தில் கூடுதலாக உள்ள இணைத் திருமுறை நூல்களும் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த 66 புத்தக வரிசை போதாது. அவர்கள் சோர்ட் வடிவத்துக்குப் போவதே நல்லது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், வுல்காத்தா (பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு), செப்துவஜிந்து (பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு) என்று வெவ்வேறு எண் முறைகளை அது அறியும். யு.எஸ்.எஃப்.எம் கோப்பை ஓசிஸ் என்ற எக்ஸ்.எம்.எல் வடிவத்துக்கு மாற்றி, கிராஸ்வயர் தரும் ஓசிஸ்-டூ-மாட் கருவியில் எண் முறையைச் சொல்லி இயக்கினால் மாட்யூல் தயார். கான்ஃப் கோப்பை மட்டும் நாமே எழுத வேண்டும்.

வரிசை சரியானதும் அடுத்தது எழுத்து. தமிழுக்கென்றே உள்ள தொல்லை இது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. திரையில் ஒரே மாதிரி தெரியும் தமிழ் எழுத்து, கோப்புக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். யோ என்பதில் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு எண்ணாக இருக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி எண்களாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் யோவான் என்று தேடினால் ஒரு வகையில் எழுதியது மட்டும் கிடைக்கும், மற்றது கிடைக்காது. வசனம் கண்முன்னே இருக்கும், தேடலோ இல்லை என்று சொல்லும். யூனிகோடு விதிகளிலேயே இதற்குத் தீர்வு உண்டு. சேர்ப்பு வடிவத்துக்கு இயல்பாக்கம் செய்வது என்பார்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி, நல்ல உரைத்திருத்திகளிலும் வசதி இருக்கிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் இதில் ஒழுங்காகிவிடும்.

இயல்பாக்கம் தொடாத சில விஷயங்கள் மிச்சம் இருக்கும். ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டச்சு செய்திருப்பது. கால் வர வேண்டிய இடத்தில் ர இருப்பது. அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கிய கோப்புகளில் இது சகஜம். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகள் சொற்களுக்கு நடுவில் ஒளிந்திருப்பது. ஸ்ரீ இரண்டு விதமாக எழுதப்படுவது. தேடி மாற்றும் வசதியில் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் ர, கால் மாற்றத்தை மட்டும் மொத்தமாக மாற்றக் கூடாது. ஒவ்வோர் இடமாகப் பார்க்கத்தான் வேண்டும். இன்னும் பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தையவை. குறிப்பிட்ட எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். நல்ல யூனிகோடு மூலம் இருக்கும்போது அவற்றோடு போராட வேண்டாம் என்பது என் கருத்து. அரிய விளக்கவுரையாக இருந்தால் மட்டும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம்.

பிறகு வாசகப் பத்தியை மட்டும் உரைக்கோப்பாகச் சேமிக்க வேண்டும். யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில், கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம் குறியோடு. அந்தக் குறி இல்லாவிட்டால் தமிழ் சிதைந்து தெரியலாம். கடைசி வசனத்துக்குக் கீழே நூலின் குறும்பெயர், முழுப்பெயர், நூலைப் பற்றிய குறிப்பு என்று சில வரிகள் எழுதலாம். உரிமத்தையும் மூலத்தையும் நான் செய்த மாற்றங்களையும் அந்தக் குறிப்பில் போட்டேன். நூலின் விவரத்தைத் திறக்கிற யாருக்கும் அது தெரியும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் காட்டவும், மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்தில் காட்டவும் சின்னச் சின்னக் குறிகள் உண்டு, நான் போடவில்லை. மூலக்கோப்பில் இல்லாததை நானாகச் சேர்க்க மனம் வரவில்லை.

கோப்பை மென்பொருள் இருக்கும் ஃபோல்டரில் வைத்து மறுபடி திறந்தால் தமிழ் பட்டியலில் நிற்கும். எழுத்துருவை மட்டும் நிர்மலா யு.ஐ. அல்லது லதா என்று மாற்றிக்கொண்டால் போதும். இணைப் பார்வையில் தமிழையும் கிங் ஜேம்ஸையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும்போது நான் பார்க்கும் இடங்கள்: ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி வசனம், இரண்டே வசனம் உள்ள 117-ஆம் சங்கீதம், 119:176, மிக நீளமான எஸ்தர் 8:9, யோவான் 11:35, பிறகு 3 யோவானைத் தாண்டி யூதாவின் முதல் வசனம். வெளிப்படுத்தின விசேஷம் 22:21 சரியான இடத்தில் நின்றால் வரிசை நம்பத்தக்கது.

கைப்பேசியில் ஆண்ட்பைபிள் இருந்ததால் தனியாக எதுவும் செய்ய வேண்டி வரவில்லை. வீட்டில் மைசோர்ட் பழகிய ஒருவருக்காக அதே தரவுத்தாளை டி.பி. பிரவுசரில் இறக்கி, நான்கு பத்திகளுள்ள பைபிள் அட்டவணையும், நூல் விவரத்துக்கான இன்னொரு சிறிய அட்டவணையும் செய்து, பி.பி.எல்.மைபைபிள் என்ற பின்னொட்டோடு சேமித்தேன். உள்ளே போடும் குறிகள் தி வேர்டில் உள்ளவை போலவே இருப்பதால், ஒன்றுக்குச் செய்த உழைப்பு மற்றதற்கும் உதவும்.

தமிழ் வந்தபின் மற்றவை எளிது. ஸ்ட்ராங் எண்கள் உள்ள கிங் ஜேம்ஸ் எல்லாக் குடும்பங்களிலும் கிடைக்கிறது. எண்ணைத் தொட்டும் எதுவும் வரவில்லையென்றால் அகராதி நிறுவப்படவில்லை என்று அர்த்தம். எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் சோர்ட்டில் அவை தனித்தனி மாட்யூல்கள். எபிரெயத்தில் 8,674 வரை, கிரேக்கத்தில் 5,624 வரை எண்கள் போகும். கிரேக்கத்தில் 2717-உம், 3203 முதல் 3302 வரையும் கிடையாது. 1890-இல் அச்சான மூல நூலிலேயே அவை விடுபட்டவை, கோப்பில் குறை இல்லை. தமிழ்ப் பாடத்தில் இந்த எண்கள் இல்லை. அதனால் தமிழில் படித்து, சந்தேகம் வந்த சொல்லுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எண்ணைத் தொட்டுப் பார்ப்பதே வழி. தினமும் செய்தால் பழகிவிடும்.

ஒரு நவீன ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும் என்றால், வேர்ல்ட் இங்கிலிஷ் பைபிள் பொதுச்சொத்து. பெரியன் ஸ்டாண்டர்ட் பைபிளும் 2023 ஏப்ரல் 30-இல் பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டது. விற்பனையில் இருக்கும் மொழிபெயர்ப்புகளை யாரோ மாட்யூலாக மாற்றி வைத்திருப்பதும் தேடும்போது கண்ணில் படும். அவற்றை நான் எடுப்பதில்லை. வேதத்தைப் படிக்கவே திருட்டுக் கோப்பு என்றால் அது எனக்குப் பொருந்தவில்லை. இலவசமாகப் பதிவிறக்கலாம் என்பது வேறு, பிறருக்குக் கொடுக்கலாம் என்பது வேறு என்பதையும் சபையில் பென் டிரைவ் கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

விளக்கவுரைகளில் மத்தேயு ஹென்றியின் உரையையும், ஒத்த வசனங்களுக்கு ட்ரெஷரி ஆஃப் ஸ்கிரிப்சர் நாலெட்ஜ் தொகுப்பையும் வைத்தேன். இரண்டும் பழையவை, உரிமச் சிக்கல் இல்லாதவை. கிடைக்கிறது என்பதற்காக நாற்பது விளக்கவுரைகளை இறக்கினால் தேடல் முடிவுகள் நிரம்பி வழியும், ஒன்றையும் முழுதாகப் படிக்க மாட்டோம். பத்துக்குள் நிறுத்துங்கள்.

கடைசியாக, மூலக்கோப்பு, இயல்பாக்கம் செய்த தரவுத்தாள், எங்கெங்கே வசனங்களைச் சேர்த்தேன், எங்கே வெற்று வரி விட்டேன் என்ற குறிப்பு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து இன்னொரு டிரைவிலும் நகல் எடுத்திருக்கிறேன். வெளியிட்டவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திப் புதிய கோப்பு போடும்போது, அதே குறிப்பைப் பார்த்து மறுபடி செய்துகொள்ளலாம். பிழை கண்ணில் பட்டால் என் கோப்பில் மட்டும் திருத்தாமல் அவர்களுக்கும் எழுதி அனுப்புகிறேன்.